மாண்ட்ரியால் மீது சுமத்தப்படும் பழி

நூற்புழுவுக்கு நஞ்சைத் தவிர வேறு மருந்து கிடையாது, அந்த நஞ்சை வெப்பநாட்டு உழவரின் கையிலிருந்து பிடுங்கியது மாண்ட்ரியால் ஒப்பந்தம். இப்படி ஒரு வாதம் முப்பது ஆண்டுகளாக உலவுகிறது. ஏற்றுமதித் தோட்டக்காரர்களின் கூட்டங்களில் இது கேட்கிறது. உரக்கடைக் கல்லாவில் வேறு சொற்களில் கேட்கிறது: "நல்ல மருந்தையெல்லாம் தடை பண்ணிட்டாங்க, இனிமே புழுவை ஒண்ணும் பண்ண முடியாது." மாண்ட்ரியாலின் கோட்-தெ-நேழ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் வாழ்ந்துகொண்டு ஊரில் தோப்பும் தோட்டமும் வைத்திருக்கும் தமிழர்கள்கூட, தாங்கள் குடியிருக்கும் நகரத்தின் பெயரோடு இந்தக் குறையைச் சேர்த்துச் சொல்வதுண்டு. வாதம் தவறானது. ஆனால் அதை வீழ்த்துவதற்கு முன், அதன் முழு வலிமையோடு அதை எடுத்து வைப்பதுதான் முறை.

அந்தத் தரப்பு சொல்வது இதுதான். பயிரைத் தாக்கும் நூற்புழு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது, மண்ணுக்குள் வேரைக் குத்தி உறிஞ்சி வாழ்வது, கண்ணில் படாதது. வெப்பநாட்டில் அதற்குக் குளிர்கால ஓய்வு கிடையாது, ஆண்டு முழுதும் பெருகும். இந்தோனேசியாவின் பங்கா தீவில் குடையும் நூற்புழு இருபது ஆண்டுகளில் சுமார் 2 கோடி மிளகுக் கொடிகளைச் சாகடித்தது. இந்தியாவில் நூற்புழுவால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 21.3 சதவீதம், பணமாகப் பார்த்தால் சுமார் 10,200 கோடி ரூபாய் என்று அகில இந்திய ஒருங்கிணைந்த நூற்புழு ஆய்வுத் திட்டத்தின் விஞ்ஞானிகள் 2020இல் கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட எதிரியை மெத்தில் புரோமைடு என்ற வாயு ஒரே தடவையில் அடக்கியது. மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடி உள்ளே வாயுவைச் செலுத்தினால் புழு, பூஞ்சை, களை விதை எல்லாம் சாகும். ஓசோன் படலத்தைக் காக்க 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியாலில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 1992இல் இந்த வாயுவும் சேர்க்கப்பட்டது. 1997இல் அதே மாண்ட்ரியாலில் கூடிய நாடுகள் அதற்குக் கெடு வைத்தன: வளர்ந்த நாடுகள் 2005க்குள், வளரும் நாடுகள் 2015க்குள் நிறுத்த வேண்டும். பிறகு அமெரிக்கா "இன்றியமையாத பயன்பாடு" என்ற பெயரில் விலக்கு வாங்கி, ஸ்ட்ராபெர்ரி வயல்களில் 2016 வரை அதைப் பயன்படுத்தியது. பணக்காரனுக்கு விலக்கு, ஏழைக்குத் தடை. இது அநீதி இல்லையா?

கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விலக்குகள் பணக்கார நாடுகளுக்கே பெரும்பாலும் போயின. மற்றபடி இந்த வாதத்தில் நிற்கக்கூடிய தூண் ஒன்றுகூட இல்லை.

1. பறிக்கப்பட்டதாகச் சொல்லும் ஆயுதம் யார் கையில் இருந்தது?

மெத்தில் புரோமைடு புழுவை மட்டும் கொல்வதில்லை, பயிரையும் கொல்லும். நடுவதற்கு முன்பு, வெறும் நிலத்தில், தாளை விரித்து ஓரத்தை மண்ணில் புதைத்து, பயிற்சி பெற்ற ஆள் முகமூடியோடு செலுத்த வேண்டிய வாயு அது. நிறமும் இல்லை, வாசனையும் பெயருக்குத்தான். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணீர்ப்புகை வாயுவான குளோரோபிக்ரினை அதோடு கலந்தார்கள். இப்போது வெப்பநாட்டில் நூற்புழு அதிகமாகச் சேதம் செய்யும் பயிர்களை வரிசையாகப் பார்க்கலாம். வாழை, மிளகு, கொய்யா, மாதுளை, காபி, எலுமிச்சை: எல்லாமே ஆண்டுக்கணக்கில் நிலத்தில் நிற்பவை. நிற்கும் வாழையடியில் இந்த வாயுவைச் செலுத்தினால் வாழை செத்துப்போகும். மிளகுக்கொடி படர்ந்திருக்கும் கல்யாண முருங்கையும் சேர்ந்து சாகும். அரை ஏக்கர் கத்தரி போடுபவருக்கோ தாள் செலவே கட்டாது.

அதனால்தான் மண்ணுக்கு இந்த வாயுவைப் பெருமளவில் இட்டவர்கள் அமெரிக்கா, இத்தாலி, ஸ்பெயின், இஸ்ரேல், ஜப்பான் நாடுகளின் தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, காய்கறித் தோட்டக்காரர்களாக இருந்தார்கள். வளரும் நாடுகளில் பிரேசில், ஜிம்பாப்வே புகையிலை நாற்றங்கால்களும், மொராக்கோ, மெக்சிகோ, கென்யா போன்ற நாடுகளின் ஏற்றுமதிக் காய்கறி, பூத்தோட்டங்களும் இருந்தன. இந்தியாவில் இந்த வாயுவின் இடம் துறைமுகமும் தானியக் கிடங்கும். அங்கே அது இன்றும் இருக்கிறது. தொற்றுத்தடுப்புக்காகச் சரக்குக்குப் புகையூட்டுவதை ஒப்பந்தம் தடை செய்யவே இல்லை. ஆயக்குடிக் கொய்யாக்காரரும் தேனி வாழைக்காரரும் கையால்கூடத் தொடாத ஒரு பொருளை அவர்களிடமிருந்து பறித்ததாகச் சொல்வது, அவர்களுடைய இழப்பை வேறொருவரின் வழக்குக்குச் சாட்சியாக நிறுத்துவதாகும்.

2. கொன்றால் தீர்ந்ததா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிடி மண்ணில் ஆயிரம் வேர் முடிச்சு நூற்புழுக்கள். மருந்து நன்றாக வேலை செய்து 950 செத்தன என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 50. அதில் பாதிதான் வேரைக் கண்டுபிடித்து உள்ளே போகிறது, 25. இந்தப் புழுவுக்கு ஆண் துணை தேவையில்லை. ஒவ்வொரு பெண்ணும் வழவழப்பான ஒரு பொதிக்குள் முந்நூறு முட்டைக்குக் குறையாமல் இடும். அதில் பத்தில் ஒன்றுதான் அடுத்த வேரைச் சேர்கிறது என்று தாராளமாகக் கழித்தாலும் 750. நம் வெயிலுக்கு இது நடக்க ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அடுத்த மாதம் அது 22,500. நான்கு மாதத் தக்காளியில் இப்படி மூன்று, நான்கு தலைமுறை ஓடிவிடும்.

வெப்பநாட்டில் புழு வேகமாகப் பெருகுவதால்தான் நஞ்சு கட்டாயம் வேண்டும் என்கிறது எதிர்த்தரப்பு. மேலே உள்ள கணக்கு அதே காரணத்தை வைத்துத் தலைகீழாகப் பேசுகிறது. பெருக்கம் வேகமாக இருக்கும் இடத்தில்தான் ஒருமுறைக் கொலை சீக்கிரம் வீணாகிறது. குளிர்நாட்டில் ஒரு பருவம் தாங்கும் மருந்து இங்கே பாதிப் பருவம் தாங்குவதில்லை. போதாக்குறைக்கு, வாயு புழுவின் எதிரிகளையும் சேர்த்தே கொல்கிறது. புழுவை வலைபோட்டுப் பிடித்துத் தின்னும் பூஞ்சைகளும், அதன் முட்டையை அழிக்கும் பூஞ்சைகளும், அதன் உடலில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களும் மண்ணில் இருக்கின்றன. அவை ஒழிந்த நிலத்தில் மிஞ்சிய புழுவுக்கு எதிர்ப்பே இல்லை. கார்போஃபூரான் போன்ற குருணை மருந்துகளுக்கு இன்னொரு விதி: ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப இட்டால், அந்த மருந்தையே உணவாகத் தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் பெருகி, மருந்து வேலை செய்யும் முன்பே அதைக் கரைத்துவிடுகின்றன. "போன வருஷம் கேட்டது, இந்த வருஷம் கேட்கல" என்று உழவர் சொல்லும்போது கடைக்காரர் அளவைக் கூட்டச் சொல்கிறார். கூட்டினால் பாக்டீரியாவுக்கு விருந்து கூடுகிறது.

3. அந்த நஞ்சுகள் மனிதரை என்ன செய்தன?

"மருந்து" என்ற சொல்லை இந்த விவாதத்தில் பயன்படுத்துகிறவர்கள் டி.பி.சி.பி.யின் வரலாற்றைப் படித்திருக்க வேண்டும். நூற்புழுவைக் கொல்லவென்றே 1950களில் சந்தைக்கு வந்த பொருள் அது. நெமகான், ஃபுமசோன் என்ற பெயர்களில் விற்றது. நிற்கும் பயிருக்கும் இடலாம் என்பது அதன் பெருமை. எனவே மெத்தில் புரோமைடு போக முடியாத வாழைத் தோட்டத்துக்குள் அது போனது. ஆய்வக விலங்குகளின் விரைகளை அது சுருங்கச் செய்கிறது என்பது 1961லேயே அறிவியல் இதழில் வெளியாகியிருந்தது. விற்பனை நிற்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ராப் ஊரில், அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை என்று ஒருவரோடொருவர் பேசிப் பார்த்தார்கள். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணுவே இல்லை.

அமெரிக்கா 1979இல் அதைத் தன் பெருநிலத்தில் நிறுத்தியது. ஹவாயின் அன்னாசித் தோட்டங்களுக்கு 1985 வரை விலக்கு. கோஸ்டாரிகா, நிகராகுவா, ஹோண்டுராஸ், எக்வடோர், பிலிப்பைன்ஸ் நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதை வெறுங்கையால் இட்ட தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றப் படியேறினார்கள். வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பல கிணறுகளின் நீரில் அந்தப் பொருள், தடை வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் தென்பட்டது.

இந்தியருக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. போபால் ஆலையில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டிலிருந்து தயாரான பூச்சிக்கொல்லி செவின் என்பது பலருக்குத் தெரியும். அதே மூலப்பொருளிலிருந்து அங்கே தயாரான இன்னொன்று டெமிக். ஆல்டிகார்ப் என்ற அந்த நஞ்சு மண்ணில் இடப்படும் நூற்புழுக்கொல்லி. நூற்புழு விவாதத்தில் போபாலை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும். புழுவைக் கொல்லும் செலவு என்று கணக்கு எழுதும்போது, அந்தச் செலவில் ஒரு பகுதியை யார் கட்டினார்கள் என்ற வரியும் ஏட்டில் இருக்க வேண்டும்.

4. "குளிர்நாட்டுக்காரனுக்கு நம் புழுவைப் பற்றி என்ன தெரியும்?"

இந்தக் கேள்விதான் மேடையில் கைதட்டல் வாங்குவது. பனி கொட்டும் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு வெப்பநாட்டின் மண்ணுக்குத் தீர்ப்பு எழுதினார்கள் என்பது இதன் சாரம். கேட்பவர்கள் மாண்ட்ரியாலிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரை அறியாதவர்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள செயின்ட் அமாபிள், மணற்பாங்கான நிலத்தில் உருளைக்கிழங்கு விளைவிக்கும் சிற்றூர். 2006 ஆகஸ்டில் அங்கே ஒரு வயலில் தங்க நூற்புழு இருப்பதைக் கனடிய உணவு ஆய்வு முகமை உறுதி செய்தது. அமெரிக்கா உடனே கியூபெக் உருளைக்கிழங்குக்கு எல்லையை மூடியது. தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு போட்ட குடும்பங்களின் வயல்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அந்த மண்ணில் விளைந்ததை, அந்த மண் ஒட்டிய எந்திரத்தை, அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது என்ற நிலை வந்தது. மாண்ட்ரியால் சந்தைக்குக் கிழங்கு அனுப்பிய ஊருக்கு நேர்ந்தது இது.

தங்க நூற்புழுவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எதனால் இவ்வளவு அச்சத்தைத் தருகிறது என்பது புரியும். பூக்கும் பருவத்தில் உருளைச் செடி ஒன்றைப் பக்குவமாகப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால், நூல்போன்ற வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய மணிகள் ஒட்டியிருக்கும். வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு தேன்நிறம். ஒவ்வொரு மணியும் ஒரு பெண் புழுவின் உடல். அது செத்ததும் தோல் இறுகி, கரும்பழுப்பாகி, உள்ளே இருநூறிலிருந்து ஐந்நூறு முட்டைகளைக் காக்கும் கூடாகிறது. அந்தக் கூடு இருபது ஆண்டுகளுக்கு மேல்கூட மண்ணில் காத்திருக்கும். கியூபெக்கின் உறைபனி அதை ஒன்றும் செய்வதில்லை. உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் வேதிப்பொருளின் வாடை பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். டயரில் ஒட்டிய ஒரு கட்டி மண்ணில் எத்தனை கூடு இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்தப் புழு தமிழருக்குப் புதியதே அல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் 1961இல் உதகையில் இதைக் கண்டார். செயின்ட் அமாபிளுக்கு 45 ஆண்டுகள் முன்பே நீலகிரி இதே அடியை வாங்கியது. நீலகிரி விதைக்கிழங்கு மலையை விட்டு இறங்கக் கூடாது என்ற தடை வந்தது. வயல்களில் நூற்புழுக்கொல்லிகளும் இடப்பட்டன. புழு போகவில்லை. எது உதவியது? மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் முத்தோரை நிலையத்தில் நடந்த பொறுமையான வேலை. 1985இல் வெளியான குஃப்ரி ஸ்வர்ணா இந்தப் புழுவைத் தாங்கி நிற்கும் ரகம். அதன் வேருக்குள் புழு நுழைகிறது, ஆனால் அங்கே தனக்கு வேண்டிய உணவுச் செல்களைக் கட்டிக்கொள்ள முடியாமல் முட்டையிடும் முன்பே செத்துப்போகிறது. அத்துடன் உருளைக்குப் பின் காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், முள்ளங்கி என்று புழுவுக்கு ஆகாத பயிர்களை மாற்றிப் போடுவது.

செயின்ட் அமாபிளிலும் புழுவின் எண்ணிக்கையைக் குறைத்தவை இதே இரண்டும்தான்: எதிர்ப்பு ரகம், பயிர் சுழற்சி. மாண்ட்ரியாலுக்குத் தெற்கே செயின்ட் ழான் சுர் ரிஷ்லியூவில் உள்ள கனடிய வேளாண் ஆய்வு மையத்தில் பெஞ்சமின் மிமே குழுவினர் இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கியூபெக்கின் வெப்பநிலையோடு பொருத்திப் படித்தார்கள். அதே மையத்தில் கீ பெலேர் செய்த ஒரு வேலை தமிழ் உழவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். கியூபெக்கின் உருளை, புகையிலை வயல்களைக் கெடுக்கும் வேர்ப்புண் நூற்புழுவைக் குறைக்க அவர் சுழற்சியில் சேர்த்துப் பார்த்த பயிர் கம்பு. நம் மானாவாரிக் காட்டில் விளையும் அதே கம்புதான், தீவனக் கம்பாக. கம்பு நின்ற நிலத்தில் அந்தப் புழு குறைந்தது, அடுத்து வந்த உருளைக்கிழங்கின் விளைச்சல் கூடியது. மாண்ட்ரியாலுக்கு வெப்பநாட்டின் மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்பவர்கள், மாண்ட்ரியாலின் பக்கத்து வயலில் வெப்பநாட்டின் தானியம் புழுவை அடக்கியதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. எதிர்ப்பு ரகமும் வரமல்ல. தங்க நூற்புழுவுக்கு வெளிறிய நூற்புழு என்று ஓர் உறவு உண்டு. நீலகிரியில் இரண்டுமே இருக்கின்றன. இங்கிலாந்தில் 1966இல் வந்த மாரிஸ் பைப்பர் ரகம் தங்க நூற்புழுவைத் தடுத்தது. அதையே எல்லோரும் ஆண்டாண்டாகப் போட்டதால், அந்த ரகம் தடுக்காத வெளிறிய நூற்புழு நிலத்தைப் பிடித்தது. எந்த ஒன்றையும் ஒரே ஆயுதமாக நம்பினால் இதுதான் நடக்கும். நஞ்சை நம்பியவர்கள் செய்த பிழையை ரகத்தை நம்புகிறவர்களும் செய்யலாம்.

5. எந்தப் புழு என்று தெரியாமலே புகையூட்டுவதற்கு என்ன பெயர்?

மெரினாவில் தேங்காய், மாங்காயோடு தாளித்து விற்கும் சுண்டலின் பட்டாணி பல ஆண்டுகளாகக் கனடாவின் புல்வெளி மாகாணங்களிலிருந்து கப்பலில் வந்தது. பட்டாணியோடு தண்டு நூற்புழு வந்துவிடக் கூடாது என்பது இந்தியத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின் கவலைகளில் ஒன்று. ஆகவே மெத்தில் புரோமைடு புகையூட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. கனடாவோ குளிரில் அந்த வாயு சரியாக வேலை செய்யாது, ஒப்பந்தப்படி அதைக் குறைக்கவும் வேண்டும் என்றது. ஆண்டுக்கணக்கில் விலக்கு கொடுப்பதும் நீட்டிப்பதுமாக இழுபறி. 2017இல் அது பெரிய வணிகப் பிணக்காகவே மாறியது.

இதற்கிடையில் மானிடோபா பல்கலைக்கழகத்தின் மாரியோ டெனுட்டா குழுவினர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: பட்டாணியில் கிடைக்கும் அந்தப் புழு உண்மையிலேயே தண்டு நூற்புழுதானா? மரபணுவைப் பார்த்து 2014இல் அவர்கள் சொன்ன விடை, இல்லை. அது 2010இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்ட ஒரு நெருங்கிய உறவு, பட்டாணி வயலில் களையாக முளைக்கும் ஒரு முட்செடியில் வாழ்வது. அறுவடையின்போது களையின் துணுக்குகளோடு மூட்டைக்குள் வந்திருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். புகையூட்டும் முன் அடையாளம் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. இலை மஞ்சளானதும் "புழுவாத்தான் இருக்கும்" என்று குருணையை அள்ளிப் போடும் ஒவ்வொரு வயலிலும் இந்தப் பட்டாணிக் கதை சிறிய அளவில் நடந்துகொண்டிருக்கிறது.

6. "மாற்று எதுவும் இல்லை."

இருக்கிறது, பழையதும் புதியதுமாக. புகையிலை நாற்றங்காலுக்கு மெத்தில் புரோமைடு இல்லாவிட்டால் தொழிலே அழியும் என்றார்கள். பிரேசில் உழவர்கள் நாற்றை மண்ணிலிருந்தே எடுத்து, தண்ணீரில் மிதக்கும் தட்டுகளில் வளர்க்கத் தொடங்கினார்கள். மொராக்கோவின் தக்காளிக்காரர்கள் எதிர்ப்புள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினார்கள். இந்த மாற்றங்களுக்குப் பணம் கொடுத்த பலதரப்பு நிதியத்தின் தலைமையகம் இருப்பதும் மாண்ட்ரியாலில்தான். தடை போட்ட நகரம் கைகட்டி நின்றது என்ற குற்றச்சாட்டுக்கு இது பதில். அதே நேரத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கலிபோர்னியா போன்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு வாயுவுக்குப் பதில் வேறு வாயு வந்தது. அதை வெற்றி என்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கத்தரிக்கு ஒட்டுக்கட்ட வேர்ச்செடி தேடி எங்கும் போக வேண்டாம். சுண்டைக்காய் வேலியோரத்திலேயே நிற்கிறது. சுண்டை வேரில் வேர் முடிச்சு நூற்புழு எளிதில் பிடிப்பதில்லை. அதன் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்று இன்று உழவர்களிடம் போகிறது. வாழைக்குப் பக்கக் கன்றின் கிழங்கைச் செதுக்கி, கறுத்த பகுதி முழுவதையும் வெட்டியெடுத்து, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் குடையும் நூற்புழு சாகும். வெப்பம் தவறினால் கன்றும் வெந்துவிடும் என்பதால் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. நன்செய் நிலத்தில் வாழைக்குப் பின் நெல் போட்டுத் தண்ணீர் கட்டினால் அந்தப் புழு தாங்காது. கோடை உழவு, வேப்பம் புண்ணாக்கு, செண்டுமல்லி எல்லாம் உழவருக்குத் தெரிந்தவை. ஈரமண்ணைக் கோடையில் பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலாலேயே வேகவைக்கும் முறையை 1976இல் இஸ்ரேலின் ஜாகோவ் கடான் உலகுக்குக் காட்டினார். ஏப்ரல், மே மாதங்களின் தமிழ்நாட்டு வெயிலைவிட அதற்கு ஏற்ற அடுப்பு எது?

இவற்றில் எதுவும் தனியாக நின்று வெல்லாது. வேப்பம் புண்ணாக்கு விலை ஏறிவிட்டது, சுழற்சிக்கு ஒரு பருவ வருமானம் போகும், சொந்த நிலம் இல்லாத குத்தகைதாரருக்கு மண்ணைத் தேற்றுவதில் ஆர்வம் குறைவு. உண்மைதான். அண்மையில் வந்த ஃபுளோபைராம் போன்ற மருந்துகள் பழையவற்றைவிட மனிதருக்கு ஆபத்துக் குறைந்தவை; சோதித்துப் பார்த்து, தேவையான இடத்தில், தேவையான அளவில் அவற்றை இடுவதை எதிர்க்கக் காரணம் இல்லை. எதிர்க்க வேண்டியது, மருந்துக் கடையிலிருந்து விவாதத்தைத் தொடங்குவதை.

7. புழு எப்படி வந்தது என்று ஏன் கேட்பதில்லை?

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நூற்புழு தன் சொந்த முயற்சியில் ஓர் ஆண்டில் நகரும் தூரம் சில அடி. அதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனது மனிதர்கள். 1890களில் ஃபிஜித் தீவின் வாழை வேரில் கண்டு நேதன் காப் விவரித்த குடையும் நூற்புழு, கன்றுகளோடு பயணம் செய்து 1966இல் பாலக்காட்டில் பதிவானது. அங்கிருந்து கன்று வாங்கிய ஒவ்வொரு லாரியும் அதைச் சுமந்தது. அமெரிக்காவில் நேர்மாறான உதாரணம் உண்டு. 1941இல் நியூயார்க் மாகாணத்தின் லாங் ஐலண்டில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மண், மூட்டை, எந்திரம் எதுவும் கழுவாமல் வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டாலும், பின்னர் வந்த எதிர்ப்பு ரகங்களாலும், எண்பது ஆண்டுகளாக அது அந்த மாகாணத்தைத் தாண்டவில்லை. இந்தியாவில் 2018இல் இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளிலும் இந்தப் புழு இருப்பது உறுதியாகி, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியேறுவதற்குத் தடை வந்தது. நாட்டுக்கே விதை கொடுத்த மலைகள் அவை.

திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடியின் கொய்யா இந்தக் கதையின் மிகக் கசப்பான பக்கம். மற்ற வேர் முடிச்சு இனங்களைவிடக் கொடுமையான ஓர் இனம் இந்தியாவிலேயே முதன்முதலாக அந்தப் பகுதிக் கொய்யாவில் இருப்பதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016இல் பதிவு செய்தார்கள். அதன்பின் பல மாநிலங்களின் கொய்யாத் தோட்டங்களிலும் அது தலைகாட்டியது. நாற்றுப்பண்ணையில் கறுப்புப் பையில் வளர்ந்த பதியன்களோடு அது போயிருக்கிறது. பைக்கு வெளியே பார்த்தால் பளபளப்பான இலை, நிமிர்ந்த தண்டு. பையைக் கிழித்து மண்ணை அலசினால் இஞ்சிக் கிழங்குபோல வீங்கித் திரண்ட வேர். நட்டு ஓராண்டு, ஈராண்டு செடி நன்றாகவே நிற்கும். காய்க்கத் தொடங்கும்போது இலை செம்பழுப்பாகி, கிளை காய்ந்து, ஒரு கோடையில் மரம் போய்விடும். கடன் வாங்கி நட்டவர் அதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்து மேலும் போர் போடுகிறார்.

அந்த உழவருக்கு மாண்ட்ரியால் எதையும் பறிக்கவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது வேறு: பதியன் விற்கும் பண்ணையின் மண்ணைப் பருவத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, முடிச்சு கண்டால் விற்பனையை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒரு ஆய்வாளர், ஒரு வட்டாரத்துக்கு ஒன்றாவது நூற்புழு பார்க்கத் தெரிந்த ஒரு பரிசோதனைக்கூடம், பணம் கொடுக்கும் முன் பத்தில் ஒரு பையைத் தன் கண்முன்னே கிழித்து, வேரை வாளியில் அலசிக் காட்டச் சொல்லும் உரிமை.